சொல்லுக்குச் சாட்சி

விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில், இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கற்றளியின் இறைவனுக்குத் தாளகிரீசுவரர் என்று பெயர். சிவனின் ஆடலைக் கண்டு நிற்கும் உமையின் ஓவியம் அக்கோயிலில் எஞ்சியிருக்கிறது. ஓவியத்தையும் பெயரையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத் 'தாளகிரி' தாளத்தின் மலையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் பெயரின் பொருள் அதுவன்று. வடமொழியில் 'தால' என்னும் ஒரே சொல்வடிவம் பனையையும் குறிக்கும், இசைத் தாளத்தையும் குறிக்கும். தமிழ் அகராதிகளில் அவை தாலம், தாளம் என்று பிரிந்து நிற்கின்றன. ஊர்ப்பெயரை வடமொழியில் பெயர்த்து இறைவனுக்குச் சூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்றிருக்கும் ஓர் அகராதியில், ஆர்வமுள்ள ஒருவர் 'தாளகிரி - தாளத்திற்குரிய மலை' என்று பதிந்துவிட்டால் என்ன ஆகும்? 2004இல் தொடங்கிய தமிழ் விக்சனரியைக் குறித்துப் புலமையாளர்கள் எழுப்பும் ஐயத்தின் சாரம் இதுதான். ஐயம் நியாயமானதே. ஆனால் அதிலிருந்து அவர்கள் வந்தடையும் முடிவு, அதாவது அகராதி என்பது அறிஞர் கையில் மட்டுமே இருக்கவேண்டியது என்பது, அகராதிகளின் வரலாற்றோடு பொருந்தவில்லை என்றே கருதுகிறோம்.

பெரிய அகராதி எதுவும் தனியொருவர் ஆக்கமன்று. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதி அவர் பெயரால் வழங்கினாலும், யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் தொடங்கிய தொகுப்பின் மேலும், தமிழ்ப் புலவர் பலரின் உழைப்பின் மேலும் எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் 1924 முதல் 1936 வரை வெளியான ஆறு தொகுதிகளுக்குப் பின்னால், சாண்ட்லர் முதல் வையாபுரிப் பிள்ளை வரை பல பதிப்பாசிரியர்களும் அவர்களுக்குத் துணைநின்ற குழுவினரும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஜேம்ஸ் மர்ரே 1879இல் பொதுமக்களுக்கே வேண்டுகோள் விடுத்தார். படித்த நூல்களிலிருந்து சொற்களைத் தாளில் குறித்து அஞ்சலில் அனுப்பியவர்களால் ஆனது ஆக்ஸ்போர்டு அகராதி.

மர்ரேக்கு வந்த ஒவ்வொரு சீட்டிலும் சொல் மட்டும் இருந்தால் போதாது. அது வரும் வாக்கியமும், நூலும், ஆண்டும் வேண்டும். லெக்சிகனும் பல சொற்களுக்கு மேற்கோள் நூலைக் காட்டுகிறது. பேச்சுவழக்கென்றால் யாழ்ப்பாணத்ததா, நாஞ்சில் நாட்டதா என்று குறிக்க முயல்கிறது. பழைய அகராதியின் மேன்மை தொகுத்தவரின் பட்டத்தில் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அது தேடி நிறுத்திய சாட்சியில் இருக்கிறது. கூட்டு அகராதியின் குறையும் இங்கேதான். தமிழ் விக்சனரியின் பதிவுகளில் பெரும்பகுதி கலைச்சொற் பட்டியல்களிலிருந்து தானியங்கி நிரல்கள் ஏற்றியவை. ஓர் ஆங்கிலச் சொல், எதிரே ஒரு தமிழ்ச் சொல். யார் சொன்னது, எங்கே வழங்குவது என்ற தடயம் இராது. பலர் எழுதியதைவிட, சாட்சியின்றி எழுதியதே அங்கே குறை.

மறுபுறம், அச்சு அகராதிக்கு இல்லாத வசதிகள் இதற்கு உண்டு. அச்சில் ஏறிய பிழை அடுத்த பதிப்பு வரை காத்திருக்கவேண்டும். தற்காலத் தமிழுக்கென வந்த க்ரியா அகராதிக்கு 1992, 2008, 2020 என மூன்று பதிப்புகள்தாம் வாய்த்தன. அதுவே தமிழ்ச் சூழலில் பெரும் சாதனை. இணையத்திலோ திருத்தம் அன்றே நிகழலாம். யார் எதை மாற்றினார் என்ற வரலாறு அழியாமல் நிற்கும். பக்க அளவு என்ற கவலையும் இல்லை.

பக்கக் கவலை இல்லாமையின் அருமை பனையின் அருகே சென்றால் விளங்கும். பன்னாடை என்பது மட்டையடியில் வலைபோல் அமைந்த நார். நெய் வடிகட்டப் பயன்பட்டது. நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வதால், நன்னூல் அதனை 'நெய்யரி' என்று கடைமாணாக்கருக்கு உவமையாக்கியது. இன்று அது வசைச்சொல். ஒரு வரியில் அடங்கும் செய்தியா இது? முளைத்த பனங்கொட்டையின் உள்ளீட்டுக்குத் தென்பாண்டி நாட்டில் தவுன் என்றும் யாழ்ப்பாணத்தில் பூரான் என்றும் பெயர். பனைக்குப் பெயர்பெற்ற விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் ஏறுவோர் குறைந்துவருகிறார்கள். மரம் நிற்கிறது, மரத்தின் உறுப்புகளுக்கும் கருவிகளுக்கும் பெயர் சொல்லும் வாய்கள் குறைகின்றன.

இவ்வகைச் சொற்களுக்கு நம்மிடம் முன்னோடிகள் இல்லாமலில்லை. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குச் செய்தார். விழுப்புரமும் கடலூரும் அடங்கிய நடுநாட்டுக்கு, விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதி தந்தார். பல்கலைக்கழகம் செய்யவேண்டியதை எழுத்தாளர் தம் காதையும் நினைவையும் கொண்டு செய்தார்கள். ஆனால் ஒருவர் காது எத்தனை ஊர்களுக்கு எட்டும்? ஊருக்கு ஒருவர் கேட்டு எழுதினாலன்றி இது நிறைவேறாது. கூட்டு அகராதியின் இடம் அதுவே. லெக்சிகனைப் படியெடுத்து இணையத்தில் ஏற்றுவதை விட, லெக்சிகன் கேளாத சொற்களைக் கேட்பதே அதற்குரிய பணி.

நாம் வேண்டுவது சிறியது. பதிகிறவர் சொல்லோடு ஊரையும், அது வழங்கும் தொழிலையும், கேட்டபடியே ஒரு வாக்கியத்தையும், கேட்ட ஆண்டையும் எழுதட்டும். நூலிலிருந்து எடுத்தால் நூலின் பெயரைத் தரட்டும். இவை இல்லாத பதிவு ஐயத்துக்குரியது என்ற குறியோடு நிற்கட்டும். அறிஞர்களும் வெளியே நின்று நகைப்பதை விட்டு, உள்ளே வந்து திருத்தட்டும். 'தாளகிரி'யைத் தாளமென்று எழுதியவருக்கு அடுத்த நாளே ஒருவர் பனையைக் காட்டுவாரானால், அந்தப் பிழையாலும் நமக்கு ஓர் ஆதாயமே. காட்ட எவரும் வராத அகராதி, அச்சில் இருந்தாலும் இணையத்தில் இருந்தாலும், கசடை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும் பன்னாடைதான்.