வார ஓய்வும் வாலிபர் களிப்பும்

சென்ற விடுமுறையில் யான் ஊருக்குச் சென்றிருந்தபோது, எங்கள் குடும்பத்தின் மூத்தவரும், நெடுங்காலம் உபதேசியாராக ஊழியஞ் செய்து ஓய்ந்தவருமாகிய பெரியப்பா, "தம்பி, கல்லூரியிலே சனி ஞாயிறுகளை எவ்வாறு கழிக்கிறாய்?" என்று வினவினார். உள்ளதை உள்ளவாறே உரைத்தேன். சனிக்கிழமை பிற்பகல் உதைபந்தாட்டம். அன்றிரவு நண்பருடன் ஒரு திரைப்படம். ஞாயிறு காலை ஆராதனை. மாலையில் எங்கேனும் இசையரங்கு. அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, "ஐந்து நாளிற் சேர்த்ததை இரண்டு நாளிற் செலவழித்து விடுகிறாய்" என்றார். பெரியோரை எதிர்த்து வாதிடுதல் எங்கள் வீட்டு வழக்கமன்று. ஆதலின் வாளா இருந்தேன். அன்று சொல்லாத விடையை இம்மலரிற் சொல்லத் துணிகின்றேன்.

பந்தும் படமும் பாட்டும் உலகத்திற்குரியன, ஆலயத்திற்குப் புறம்பானவை என்பதே பெரியப்பாவின் கொள்கை. நம் சபைகளிற் பலர் கொள்கையும் அதுவே. ஆயின் அவற்றின் பிறப்பை ஆராயப் புகுவார்க்கு வியப்பே மிஞ்சும்.

உதைபந்தாட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்திலே 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளிற் பெண்டிரும் இளைஞரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை செய்யலாகாதென விதித்தது. அரைநாள் ஓய்வு மெல்ல மெல்ல ஏனைத் தொழிலாளருக்கும் பரவிற்று. ஆலைச் சங்கு ஊதியபின் உணவருந்தி மைதானம் சேரும் நேரம் 3 மணி. அந்நாட்டிற் பந்தாட்டம் 3 மணிக்குத் தொடங்கும் மரபு அவ்வாறு வேரூன்றியதே. புதிதாய்க் கிடைத்த அப்பிற்பகலிலே இளைஞர் மதுக்கடைக்குச் செல்லாதவாறு காக்க விரும்பிய சபைகள் யாது செய்தன? பந்தைக் கையிற் கொடுத்தன! பர்மிங்காமில் 1874-இல் வெஸ்லியன் சிற்றாலயமொன்றைச் சேர்ந்த வாலிபர் தொடங்கியதே ஆஸ்டன் வில்லா. லிவர்பூலில் 1878-இல் புனித தொமிங்கோ மெதடிஸ்து ஆலயத்தார் கூடியாடிய குழுவே மறு ஆண்டில் எவர்ட்டன் எனப் பெயர் பூண்டது. மான்செஸ்டரின் மேற்குக் கார்ட்டனில் புனித மாற்கு ஆலயத்தார் 1880-இல் அமைத்த குழு, இன்று உலகமெங்கும் பெயர் விளங்கும் மான்செஸ்டர் சிட்டி. நம் விடுதி மாணவர் இரவெல்லாம் விழித்துக் கைப்பேசியிற் காணும் அக்குழுவின் தாய் வீடு ஒரு கோயில் என்பதை எத்துணைப் பேர் அறிவர்?

(தமிழிலக்கியத்திற் பந்தாட்டம் உண்டோ என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். உண்டு; ஆயின் ஆடுவோர் மகளிர், ஆடுவது கையால். பெருங்கதையின் மானனீகையும் குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லியும் ஆடிய ஆட்டத்தை நம் மைதானத்து ஆடவர் எவரும் ஆடிக்காட்ட வல்லரல்லர்.)

இனிப் படக்காட்சி. பாரிசு நகரிலே லூமியேர் சகோதரர், 1895 டிசம்பர் 28-ஆம் நாள், ஓர் உணவு விடுதியின் நிலவறையிற் பணம் பெற்றுப் படங்காட்டினர்; வந்தவர் 33 பேர். அந்நாளும் சனிக்கிழமையே. சினிமா சாத்தானின் கருவி என்று நம் மேடைகளில் முழங்குவோர், அதற்கு ஐந்தாண்டுகளுக்குள் நிகழ்ந்த ஒன்றைச் சிந்திப்பாராக. மெல்போர்ன் நகரின் இரட்சணிய சேனையார், 1892 முதலே ஒளிப்படத்திற்கென ஒரு பிரிவை நடத்தி வந்தவர்கள், "சிலுவையின் சேவகர்" என்ற பொருள்படும் பெயரால், ஆதிச் சபையின் இரத்தசாட்சிகளின் வரலாற்றை 1900 செப்டம்பர் 13 அன்று அந்நகர மண்டபத்திற் காட்டினர். கண்ணாடிச் சில்லுப் படங்களும், குறும் படச்சுருள்களும், பாட்டும், பிரசங்கமும் அதிற் கலந்திருந்தன. தெருவில் மேளமடித்துச் சுவிசேஷங் கூறிய அவர்களுக்குத் திரையைக் கண்டு அச்சமில்லை.

இசையைப் பற்றி நீட்டி உரைக்க வேண்டுவதில்லை. ஹாண்டெலின் "மேசியா" கிறிஸ்துமஸ் தோறும் நம் பாடகர் குழு பாடுவது; அது 1742-இல் டப்ளினில் முதன்முதல் அரங்கேறிய இடம் ஆலயமன்று, ஓர் இசைமண்டபம். இடநெருக்கடியால், பெண்டிர் வளையமிட்ட அகன்ற பாவாடையின்றியும், ஆடவர் வாளின்றியும் வருமாறு முன்னறிவித்தனராம். அன்று சேர்ந்த பொருளால் கடன்பட்டுச் சிறையிலிருந்த 142 பேர் விடுதலை பெற்றனர். மறு ஆண்டு இலண்டனில், வேத வசனத்தை நாடகக் கொட்டகையிற் பாடுவதோ என்று பக்திமான்கள் சினந்தனர். நம் நாட்டிலும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகளை இன்றுவரை கச்சேரி மேடையிற் சமய வேறுபாடின்றிப் பாடுகின்றனர். சபை மறந்தவற்றை அரங்கு காத்துத் தந்ததும் உண்டு.

ஆதலின் களிப்பை நோக்கி அஞ்சுதல் வேண்டா என்பது என் துணிபு. ஆயினும் பெரியப்பாவின் சொல்லில் ஒரு பகுதி என் நெஞ்சைத் தைத்தது. அதனை மறைத்தல் நேர்மையன்று.

சென்ற ஆண்டு நம் குழு ஆடவேண்டிய ஓர் ஆட்டம், ஞாயிறு காலை ஆராதனை வேளையிலே குறிக்கப்பட்டது. யான் பின்காவல் ஆடுபவன். பாடகர் குழுவிலும் உள்ளவன். ஆலயத்திற்கே சென்றேன். நம்மவர் ஒரு கோலில் தோற்றனர். நண்பர் சிலர் பல நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அன்று யான் சென்றது கர்த்தர்மேலுள்ள அன்பினாலோ, ஊரிலுள்ளோர் அறிந்தால் யாது சொல்வரோ என்ற அச்சத்தினாலோ, இன்றும் எனக்கே தெளிவில்லை.

எரிக் லிடெலின் பெயர் நம் மேடைகளில் அடிக்கடி ஒலிப்பது. 1924-ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிறன்று வந்தமையால் அவர் ஓட மறுத்தார். வேறு நாளில் 400 மீட்டரை 47.6 நொடியில் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார். இவ்வளவோடு கதையை முடித்துக் கைதட்டுகிறோம். பின்னிகழ்ந்ததை எவரும் கூறக் கேட்டிலேன். மிஷனரியாய்ச் சீனா சென்ற அவரை, உலகப்போரின்போது ஜப்பானியர் வெய்சியன் முகாமிற் சிறைவைத்தனர். அங்கே அடைபட்டிருந்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையில் ஹாக்கி ஆட விரும்பினர். லிடெல் முதலில் இசையவில்லை. நடுவர் இன்றி ஆடிய பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டனர். அதன்பின் ஞாயிறன்று நடுவராய் மைதானத்தில் நின்றவர் அவரே. 1945-இல் அம்முகாமிலேயே உயிர்நீத்தார். தம் பதக்கத்தின்பொருட்டு மீறாத நாளைப் பிறர் பிள்ளைகளின்பொருட்டு அவர் தளர்த்திக்கொண்டார் என்று எண்ணும்போது, பின்காவலனாகிய என் சிறு வெற்றி எனக்கு நாணத்தையே தருகிறது.

மற்றொன்று. ஞாயிறு நமக்கே உரியது, நாமே இந்நாட்டிற்கு அளித்தது என்று செருக்குறுகிறோம். இந்திய ஆலைத் தொழிலாளருக்கு வார ஓய்வு எளிதிற் கிடைத்ததன்று. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே தொழிலாளரைத் திரட்டி ஆண்டுக்கணக்கிற் போராடினார்; 1890-இல் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர்; 1891-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் வார விடுமுறையை விதித்தது. லோகாண்டே கிறிஸ்தவரல்லர், ஜோதிராவ் பூலேயின் வழி நின்றவர். வியர்வை சிந்தியோர் போராடிப் பெற்ற பொருளை மாணவராகிய நாம் எங்ஙனம் ஆள்கின்றோம்?

நம் விடுதியைப் பாருங்கள். சனிக்கிழமை பிற்பகலை விசேட வகுப்புக்கள் விழுங்கிவிட்டன. தப்பிய நேரத்தில் ஒவ்வொருவரும் தத்தம் கட்டிலிற் கிடந்து, காதில் ஒலிக்கருவி செருகி, கையகலத் திரையிற் படமும் பாட்டும் பந்தும் தனித்தனியே காண்கின்றனர். ஓர் அறையில் நால்வர். நால்வருக்கும் நான்கு உலகம். ஒருவன் நகைத்தால் மற்றவன் ஏனென்று கேளான். இதனினும் நூறு பேரோடு கொட்டகையில் அமர்ந்து நகைப்பதும் அழுவதும், மழையில் நனைந்து நம் குழுவுக்காகக் கூவுவதும் மேலானவை என்பேன். புகாரில் 28 நாள் நடந்த இந்திரவிழாவை மணிமேகலை கூறும். அவ்விழாவைத் தன் வீட்டுத் திண்ணையிற் கிடந்தே ஒருவன் கண்டான் என்று எந்தப் புலவரும் பாடவில்லை.

ஆதலின் அதிகாரிகளை வேண்டுவது மூன்று. சனிக்கிழமை பகல் 2 மணிக்குப்பின் எவ்வகுப்பும் வைத்தல் வேண்டா. ஞாயிறு காலையில் ஆட்டங் குறித்தல் வேண்டா. குறித்துவிட்டுப் பதினெட்டும் பத்தொன்பதும் வயதுடையவனைத் தெரிந்துகொள் என்பது கொடுமை. மாதத்திற்கொருமுறை கல்லூரி மண்டபத்திலே யாவரும் கூடிக் காண ஒரு நற்படம் காட்டுக. செலவு மிகுதியன்று, திரையும் ஒலிபெருக்கியும் முன்பே உள்ளன, பூட்டிய அறையில்.

பெரியப்பாவுக்கு இவையெல்லாம் கடிதமாக எழுதினேன். கல்லூரி நாளுக்கு வருமாறும் அழைத்துள்ளேன். அன்று சனிக்கிழமை, 3 மணிக்குப் பந்தாட்டம், அந்தியில் இசை. வருவதாக விடை எழுதியுள்ளார். ஆயின் ஞாயிறு காலை ஊரில் முதல் மணி அடிக்குமுன் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தல் என் பொறுப்பாம்.