ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் ஒரு சிறிய கடையை நினைத்துக்கொள்ளலாம். ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகை புரூஃபை இன்றைக்கே கொடுத்தாக வேண்டும். காலையில் கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமடிக்கின்றன. முப்பது சதவீதத்தில் நின்ற எண் பத்து நிமிடமாக நகரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்கிறார்கள். கடைக்காரர் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போடுகிறார். இப்போது புள்ளிகளும் இல்லை, நீலத் திரைதான். சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் அங்கே கிடைக்கும் முதல் பதில்: "ஓஎஸ் போயிருச்சுண்ணே, ஃபார்மட் அடிச்சிரலாம்."

காரைக்குடி மட்டுமல்ல, தமிழ்நாட்டின் சிற்றூர்கள் எல்லாம் கைவிட வேண்டிய பழக்கம் இது. அப்டேட்டுக்குப் பிறகு எழுந்திருக்க மறுக்கும் கணினியில், பெரும்பாலும் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு எந்தச் சேதமும் வந்திருப்பதில்லை. வாசல் கதவு சிக்கிக்கொண்டதற்காக வீட்டை இடிப்பதைப் போன்றது, சி டிரைவை அழிப்பது. அந்த டிரைவில்தான் டெஸ்க்டாப் இருக்கிறது. டெஸ்க்டாப்பில்தான் பத்து வருடப் பத்திரிகை மாதிரிகளும், டேலி கணக்கும், பேத்தியின் காதுகுத்துப் படங்களும் இருக்கின்றன.

மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விண்டோஸுக்கான பாதுகாப்பு அப்டேட்டை வெளியிடுகிறது. நமக்கு அப்போது இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. அதனால் தொல்லை புதன்கிழமைக்குப் பிறகுதான் தலைகாட்டும். எஸ்எஸ்டி உள்ள கணினியில் சில நிமிடங்களில் முடியும் வேலை, சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு மணி நேரம்கூட இழுக்கும். பெட்டியின் முகப்பில் ஹார்டு டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு மினுங்கினால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் பொத்தானை அழுத்துவதும், யுபிஎஸ் இல்லாத கணினியில் கரண்ட் போவதும்தான் பாதி எழுதிய கோப்புகளை அந்தரத்தில் விட்டுவிடுகின்றன. பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளில் அப்டேட்டைத் தள்ளிவைப்பதே நல்லது.

நின்றே போனாலும் வழி இருக்கிறது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை எழ முடியாமல் போனால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குச் சென்றுவிடும். கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் நீக்கும் வசதி அங்கே இருக்கிறது. சேஃப் மோடில் எழுப்பிப் பார்க்கலாம். பெரிய பதிப்பு மாற்றம் என்றால் பத்து நாட்களுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பலாம். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருந்துதான் மறுநாள் எழுகிறது. அப்டேட்டுக்குப் பின் மந்தமாக எழும் கணினிக்கு ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பார்த்தாலே சில சமயம் தீர்ந்துவிடும்.

பழி இடம் மாறி விழுவதும் உண்டு. பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் நாணயம் அளவுக்கு ஒரு லித்தியம் பேட்டரி பதிந்திருக்கும். சிஆர்2032 என்று அதன் முதுகில் எழுதியிருக்கும், 3 வோல்ட். அது தீர்ந்துபோனால் கணினி தேதியை மறக்கும், எந்த டிஸ்க்கில் இருந்து எழ வேண்டும் என்பதையும் மறக்கும், எஃப்1 விசையை அழுத்து என்று கறுப்புத் திரையில் நின்றுவிடும். அப்டேட் முடிந்து மறுதொடக்கம் ஆகும்போது இது வெளிப்பட்டால், உரிமையாளர் அப்டேட்டைத் திட்டுவார். சில பத்து ரூபாய் பேட்டரியை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நெம்பி மாற்றினால் தீரும் கோளாறு இது. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் லித்தியம் பேட்டரிகளை ஆராயும் ஊர் காரைக்குடி. இந்த ஊரிலேயே ஒரு நாணய பேட்டரிக்காக ஒருவர் தன் கணக்குகளை இழக்கக் கூடாது.

நிறுவனங்கள் மேல் தவறே இல்லை என்பதல்ல. 2024 ஜூலை 19 காலை, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு கோப்பு, உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பிழையான கோப்பு ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் விழுந்த கணினிகளில் பலவற்றை ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில் எழுப்பி, அந்தக் கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. அப்போதும் மருந்து ஒரு கோப்பை நீக்குவதுதான், ஃபார்மட் அல்ல. 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட் இன்னும் கொடுமை: பழுதுபார்க்கும் திரையிலேயே யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. அவசரத் திருத்தம் வர ஆறு நாட்கள் ஆயின. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததும் அதே அக்டோபர் 14-தான். புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்று மக்களிடம் சொல்லும் நிறுவனத்துக்கு, மாறிய இடத்தில் கதவாவது திறக்கிறதா என்று பார்க்கும் கடமை உண்டு.

இப்போது புதிதாக ஒரு பூட்டும் சேர்ந்திருக்கிறது. அண்மைக் கால லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் நுட்பத்தால் பூட்டப்பட்டே வருகிறது. 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகும், 2025 மே மாதத்திலும், சில கணினிகள் திடீரென 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டன. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி எண்கள். பெரும்பாலும் அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கும். அந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில், யாருடைய போன் நம்பரில் தொடங்கப்பட்டது என்பதுதான் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கடையில் வாங்கிய அன்று விற்றவரே அவசரத்துக்கு ஒரு முகவரியை உருவாக்கிக் கொடுத்திருப்பார். விற்பனையாளர் அந்த 48 எண்களையும் அச்சிட்டு, பில்லோடு சேர்த்து வாடிக்கையாளரிடம் கொடுப்பதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

சாவியும் கிடைக்காதபோது கைகொடுப்பது வேறிடத்தில் உள்ள நகல்தான். காரைக்குடி இருக்கும் செட்டிநாட்டுக்கு நகல் என்பது புதுச் செய்தி அல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார், அங்கே பேரேடு எழுதியதோடு நிற்காமல் கணக்கை ஊருக்கும் அனுப்பச் செய்தார்கள். இன்று அதே செட்டிநாட்டில் ஒரு கடையின் மொத்தக் கணக்கும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. ஒரு பென் டிரைவில்கூட மறு பிரதி இல்லை.

சர்வீஸ் கடைப் பையன்களைக் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. ஃபார்மட் அடித்து ஓஎஸ் போட்டால் ஒரு மணி நேரத்தில் கூலி கைக்கு வரும். டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேபிளில் இன்னொரு கணினியில் மாட்டி, கோப்புகளைப் பிரதி எடுத்து, அப்டேட்டை நீக்கிப் பார்ப்பதற்கு அரை நாள் ஆகும். அதற்குக் கூடுதலாக இருநூறு ரூபாய் கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். அந்த இருநூறைக் கொடுக்கச் சம்மதம் என்று மெஷினை இறக்கி வைக்கும்போதே சொல்லிவிடலாம். பையனும் திருப்புளியை எடுப்பதற்கு முன்னால், "உள்ளே முக்கியமா என்னண்ணே இருக்கு?" என்று கேட்டு, வரும் பதிலை ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொள்ளலாம்.