பேருந்தைப் பார்ப்பது குற்றமா?

“பள்ளியில் முதல் மாணவனாக இருந்த பிள்ளை, இன்று பேருந்துகளைப் படமெடுத்துக்கொண்டு திரிகிறான். நீங்கள் சொன்னால் கேட்பான், ஐயா” என்று ஒரு தாயார் என்னிடம் வந்து முறையிட்டார். அவர் மகன் என் பழைய மாணவன்; இப்பொழுது இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம் பயில்கிறான். சனிக்கிழமைகளில் லார்க்கின் பேருந்து நிலையத்தருகே நிற்கிறான், வண்டி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுகிறான், படம் எடுக்கிறான். பள்ளி விடுமுறையில் தன் மாமாவோடு கடற்பாலம் கடந்து சிங்கப்பூர் சென்று, அங்கே ஓடும் ‘ஹைப்ரிட்’ பேருந்துகளைத் தேடிப் பிடித்துப் படமெடுத்து வருகிறான். அவனைப் போல இன்னும் இருவர் உளர்.

இச்செய்தியை நண்பர்கள் கூடியிருந்த ஓர் அவையில் சொன்னேன். “வேலையற்ற வேலை” என்றார் ஒருவர். “நம் இனத்துக்கு இன்று இதுவா தேவை?” என்றார் மற்றொருவர். இருவரும் ஆசிரியர்கள், இருவரும் தமிழ்ப்பற்று மிக்கவர்கள். அவர்களை மறுத்தே இதை எழுதுகிறேன்.

அந்தப் பையன் என்னதான் பார்க்கிறான்? நானும் கேட்டேன். அரை மணி நேரம் நிற்காமல் விளக்கினான். சிங்கப்பூரின் தரைப் போக்குவரத்து ஆணையம் 2017ஆம் ஆண்டில் 50 ஹைப்ரிட் பேருந்துகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அடிச்சட்டமும் பொறியும் வோல்வோ நிறுவனத்துடையவை; மேற்கூடு எம்சிவி என்னும் எகிப்து நிறுவனத்துடையது. உள்ளே டீசல் பொறி ஒன்றும் மின்னோடி ஒன்றும் சேர்ந்து உழைக்கின்றன. ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கும்போது அந்த மின்னோடியே மின்னாக்கியாக மாறி, வீணாகப் போகும் விசையை மின்சாரமாக்கி மின்கலத்தில் சேமிக்கிறது. நிறுத்தத்தில் நிற்கும்போது டீசல் பொறி அடங்கிவிடுகிறது. மீண்டும் புறப்படுகையில் முதலில் மின்சாரமே வண்டியை நகர்த்துகிறது. பிறகுதான் டீசல் துணைக்கு வருகிறது. “கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன், ஐயா. நிறுத்தத்தில் நிற்கும், ஆனால் உறுமாது” என்றான். ஆற்றல் அழிவதில்லை, வடிவம் மாறுகிறது என்னும் அறிவியல் பாடத்தை நாம் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். அவன் சாலையோரத்தில் நின்று காதால் கேட்டிருக்கிறான். இதையா வேலையற்ற வேலை என்கிறீர்கள்?

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை அடுக்கியதை மேடைதோறும் வியந்து பேசுகிறோம். மாணவர்களை மனப்பாடம் செய்யச் சொல்லிப் பரிசும் கொடுக்கிறோம். மலையில் பூத்ததை ஒருவர் உற்று நோக்கி, ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிந்து பெயர் சொன்னதால்தானே அந்தப் பட்டியல் பிறந்தது? குறிஞ்சி நிலம் வாய்த்தவர் பூவைப் பார்த்தார். ஜொகூர் பாருவில் பிறந்தவனுக்கு வாய்த்தது சாலை. அவன் சாலையில் வருவதைப் பார்க்கிறான். பழந்தமிழன் செய்தால் நுண்மாண் நுழைபுலம், இன்றைய பையன் செய்தால் பைத்தியம் என்பது என்ன நீதி?

உண்மைக் காரணம் வேறு. எதைச் செய்தாலும் அதற்குப் புள்ளி உண்டா, சான்றிதழ் உண்டா என்று கேட்டே பழகிவிட்டோம். ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யுபிஎஸ்ஆர் 2021இல் அகற்றப்பட்டது. தேர்வு போயிற்று, தேர்வு மனம் போகவில்லை. அந்த மனத்தை வளர்த்தவர்களில் நானும் ஒருவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழிலில் இருக்கிறேன். பயிற்சிக் கல்லூரியில் ‘உற்றுநோக்கல் திறன்’ பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன். ஆனால் சன்னல் வழியே சாலையைப் பார்த்த மாணவனின் காதைத் திருகியதும் இதே கைதான்.

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என் தந்தையார் பேருந்து நடத்துநராக இருந்தவர். 1970களில் குளுவாங் வட்டாரத்தில், தோட்டங்களையும் பட்டணத்தையும் இணைத்து ஓடிய வண்டி அது. சம்பள நாளில் அதில் கால் வைக்க இடமிராது. அரிசி மூட்டை, சேவற்கோழி, மருத்துவமனைக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சி, திருமணத்துக்குப் பட்டுச்சேலை வாங்கப் போகும் கூட்டம், எல்லாம் அதிலேதான். அப்பா பயணச்சீட்டில் துளையிடும் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் அந்த வண்டியின் நிறம் என்ன? பச்சை என்கிறார் என் அக்கா. செம்மண் நிறம் என்கிறேன் நான். வாதிட்டு வாதிட்டு ஓய்ந்துவிட்டோம். தீர்த்து வைக்க ஒரு படம் இல்லை. அப்பா மறைந்துவிட்டார். வண்டியும் பழைய இரும்புக்குப் போயிருக்கும். தோட்ட மேலாளரின் பங்களாவுக்குப் படம் உண்டு, பால் வெட்டுக் கணக்குக்குப் பதிவேடு உண்டு. எங்களைச் சுமந்த வண்டிக்கு ஒன்றுமில்லை. அன்று ஓர் இளைஞன் சாலையோரம் நின்று அதைப் படமெடுத்திருந்தால் நாங்களும் அவனைப் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்போம்.

முடிந்துபோகும் நாளில் மட்டும் நமக்கு ஞானம் வரும். 2011 ஜூன் 30 அன்று இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசித் தொடர்வண்டி புறப்பட்டது; ஜொகூர் சுல்தான் இப்ராகிம் அவர்களே அதை ஓட்டிச் சென்றார். கூடியிருந்த கூட்டத்தில் கையில் படக்கருவி இல்லாதவர் அரியர். நல்லதுதான். ஆனால் மலாயா இரயில்வேயில் தண்டவாளம் போட்டுத் தேய்ந்த தமிழர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய வெறும் செவ்வாய்க்கிழமை ஒன்றை யார் படமெடுத்தார்கள்? 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, கடற்பாலத்தில் நாள்தோறும் ஓடிய மஞ்சள் நிற ‘காஸ்வே லிங்க்’ பேருந்துகள் ஒரே நாளில் நின்றன. எல்லைப் பேருந்துகள் வழக்கம்போல் ஓட 2022 மே மாதம் ஆயிற்று. வண்டிகள் நிற்பதற்கு முந்தைய வாரத்து வரிசையைப் பையன்களில் மூத்தவன் படமாக வைத்திருக்கிறான். அன்று அது ஒரு சாதாரண வரிசை.

ஹைப்ரிட் வண்டிக்கும் அதே விதிதான். 2018இலேயே அந்த ஆணையம் 60 மின்சாரப் பேருந்துகளுக்கு ஒப்பந்தம் செய்தது. டீசலுக்கும் மின்சாரத்துக்கும் இடையே பிறந்த இந்த வண்டி நெடுநாள் நிலைக்கப் போவதில்லை. அதனால்தான் பையன்களுக்கு அவசரம். இடைக்காலத்துப் பொருளை எவரும் போற்றுவதில்லை. தோட்டத்தை விட்டு நகரத்தில் முழுமையாகக் காலூன்றாத எங்கள் தலைமுறைக்கு இது நன்றாகவே விளங்கும்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையென்று நான் சொல்லவில்லை. நடுச்சாலையில் இறங்கிப் படமெடுப்பவனை முதலில் கண்டிப்பவன் நானாகத்தான் இருப்பேன். சோதனைச் சாவடியில் படமெடுப்பதற்குத் தடை உண்டு. தடை என்றால் தடைதான். இங்கிலாந்தில் 1942ஆம் ஆண்டு இயன் ஆலன் என்னும் இரயில்வே எழுத்தர் இஞ்சின் எண்களைச் சிறு நூலாக வெளியிட்டார். நாடெங்கும் சிறுவர்கள் பென்சிலும் கையுமாகக் கிளம்பினர். தண்டவாளத்தில் புகுந்து தொல்லை கொடுத்தவர்களும் உண்டு. அவர் நூலை நிறுத்திவிடவில்லை. அச்சிறுவர்களுக்கென ஒரு சங்கம் கண்டார். அத்துமீறி நுழையக்கூடாது என்று உறுதிமொழி வாங்கினார். ஒழுங்கு கற்பிப்பது ஆசிரியர் வேலை. ஆசையைக் கிள்ளுவது அன்று.

பையன்களிடம் நான் கண்ட குறை ஒன்றே. நூற்றுக்கணக்கான படங்களில் ஓர் ஓட்டுநர் முகம்கூட இல்லை. குறிப்பேடு முழுவதும் ஆங்கிலம். “கேட்டு, இசைந்தால் ஓட்டுநரையும் எடு, கீழே நாலு வரி தமிழில் எழுது” என்றேன். “ஹைப்ரிட்டுக்குத் தமிழில் என்ன, ஐயா?” என்றான். ‘இருவிசைப் பேருந்து’ என்று சொல்லிப் பார்த்தேன். சற்று யோசித்து, “நீளமாக இருக்கிறது, ஆனால் சரியாக இருக்கிறது” என்றான்.

அவன் தாயாரை அடுத்த வாரம் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது அந்தக் குறிப்பேட்டையும் கொண்டு வரும்படி.