அந்துப்பூச்சியின் பெயரும் அங்க அமைப்பும்

கிணத்துக்கடவைச் சூழ்ந்த தோட்டங்களில் மழைக்கால இரவொன்றில் சாளைத் திண்ணையில் விளக்கேற்றி வைப்போமாயின், சாம்பலும் கபிலமும் கலந்த நிறமுடைய அந்துப்பூச்சிகள் பல வந்து மொய்க்கக் காண்போம். அவற்றுள் ஒன்றைக் காட்டி இஃது யாதென வினவினால், ‘ஏதோ பூச்சி’ என்பதே பெரும்பாலோர் தரும் விடை. சிறிது அறிந்தோர் ‘புரொடீனியா’ என்பர். வேறு சிலர் ‘படைப்புழுவின் தாய்’ என்பர். இவற்றுள் எது மெய் என்று துணிதற்கு வெறுங்கண் எப்போதும் போதாது. அதனைத் துணியும் கல்வியை நம் கல்லூரிகள் கைவிடாது பேணுதல் வேண்டும் என்பதே நமது கருத்து.

ஸ்போடாப்டெரா என்னும் பேரினத்தைச் சேர்ந்த சிற்றினங்கள் பல நம் நாட்டில் உள. புகையிலை, நிலக்கடலை, ஆமணக்கு, காய்கறிகள் முதலியவற்றைத் தின்னும் லிட்டூரா நெடுநாளாக இங்கு வாழ்வது. அதன் பழைய சாஸ்திரப் பெயரான ‘புரொடீனியா’ இன்றும் விவசாயிகளின் நாவில் வழங்குகின்றது. புருஜிபெர்டா என்பதோ அமெரிக்கக் கண்டத்தது. 2016-ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவிற் காணப்பட்டு, 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்காப் பகுதியில் மக்காச்சோளத்தில் கண்டறியப்பட்டது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிலும் பரவியது. கொங்குநாட்டில் கோழித் தீவனத்திற்கெனப் பயிரிடப்படும் மக்காச்சோளத்தின் குருத்தினுட் புகுந்து அது விளைத்த நஷ்டத்தை நம் மாணவருட் பலர் தத்தம் தோட்டத்திலேயே கண்டிருப்பர். அதனைப் ‘படைப்புழு’ என்றோம். நெல்லில் திரள்திரளாக வரும் மொரீஷியா என்னும் சிற்றினத்திற்கும் அப்பெயர் முன்னமே உண்டு. ஒரு பெயர், உருவம் இரண்டு. குழப்பத்திற்கு வேறு வித்து வேண்டுமோ?

முதிர்ந்த புருஜிபெர்டாப் புழுவை அறிதல் அரிதன்று. தலையில் தலைகீழான ஆங்கில ‘ஒய்’ எழுத்துப் போன்ற வெண்கோடும், வயிற்றின் எட்டாவது கண்டத்தில் சதுரமாய் அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் அதனைக் காட்டும். ஆண் அந்துவின் முன்சிறகு நுனியருகே வெண்மையான திட்டொன்றும் உண்டு. ஆயினும், முட்டையினின்று வெளிவந்த சின்னாட் புழுவில் இவ்வடையாளங்கள் தெளிவுறா; பொறியில் வீழ்ந்து துடித்துச் செதில் உதிர்ந்த அந்துவிலோ சிறகின் சித்திரமே அழிந்துபோம்.

செதில் உதிராத இடத்தும் கண் ஏமாறும் என்பதற்கு ஆப்பிரிக்கா ஒரு சான்று தருகின்றது. 1775-இல் பப்ரீஷியஸ் என்பார் லிட்டூராவிற்குப் பெயரிட்டனர்; 1833-இல் புவாதுவால் என்னும் பிரெஞ்சு அறிஞர் லிட்டொராலிஸ் என்பதனை வருணித்தனர். முன்னது ஆசியாவிற்கும் ஆஸ்திரேலியாவிற்கும் உரியது. பின்னது ஆப்பிரிக்காவிற்கும் மத்தியதரைக் கடற்கரை நாடுகளுக்கும் உரியது. புறத்தோற்றத்தில் இவை இரட்டைப் பிள்ளைகளை ஒப்பன. ஆதலின் பிற்காலத்தோர் இரண்டையும் ஒன்றெனவே கொண்டு, எகிப்தின் பருத்தியைத் தின்றதனையும் நம் நாட்டுப் புகையிலையைத் தின்றதனையும் ‘புரொடீனியா லிட்டூரா’ என்றே எழுதி வந்தனர். 1963-இல் வியெட் என்பார் மடகாஸ்கர்ப் பகுதியின் பூச்சிகளை ஆராய்ந்து இவை வேறுவேறென்று நிறுவிய பின்னரே மயக்கம் தெளியலாயிற்று. அதற்கு முந்திய நூல்களைப் படிப்போர், அங்கே கூறிய அனுபவம் எந்தப் பூச்சியைப் பற்றியது என்று இன்றும் நின்று ஆராய வேண்டியவராகின்றனர்.

பிரித்தறிய உதவியது யாது? சிறகன்று, வயிற்றின் நுனியில் மறைந்துள்ள இனப்பெருக்க உறுப்புக்களின் அமைப்பே. ஆணின் வால்வா, ஜக்ஸ்டா என்னும் தகடுகளின் வடிவும், பெண்ணின் புணர்நாளத்தின் நீளமும் சிற்றினந்தோறும் வேறுபடும். புருஜிபெர்டாவின் வால்வா ஏறக்குறையச் சதுர வடிவினது. பூட்டிற்குத் திறவுகோல் போல இவ்வுறுப்புக்கள் தத்தம் இனத்திற்கே பொருந்துவன என்று 1844-இல் துபூர் என்பார் கருதினர். அக்கொள்கையை இக்காலத்தார் முற்றும் ஏற்பதில்லையெனினும், இனத்தை நிர்ணயிக்க இவ்வுறுப்புக்களே நம்பத்தக்கன என்பதில் ஐயமில்லை.

இதற்கு வேண்டும் கருவிகளோ எளியன. வயிற்றைப் பிரித்தெடுத்து, நூற்றுக்குப் பத்துப் பங்கு பொட்டாஷியம் ஹைட்ராக்ஸைடு கலந்த நீரில் ஓரிரவு ஊறவைத்தால் தசை கரையும். மென்தூரிகையால் செதிலைத் துடைத்துச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டிற் பதித்தால், நுண்பெருக்கியின் கீழ் உண்மை விளங்கும். பொறுமை ஒன்றே விலையுயர்ந்த பொருள்.

‘பெயரை அறிந்து ஆவதென்ன? மருந்தைத் தெளித்தாற் போதாதோ?’ என்பாருக்கு ஒன்று சொல்வோம். ஆண் அந்துவை ஈர்க்கத் தோட்டத்தில் வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறி, இனத்திற்கு ஏற்ற வாசனைப் பொருளைக் கொண்டது. லிட்டூராவிற்குரியதை வைத்துப் புருஜிபெர்டாவை எதிர்பார்ப்பவன், வெறும் பொறியைக் கண்டு பூச்சியில்லையென மகிழ்ந்திருக்க, குருத்து உள்ளே அழியும். மறுபுறம், ஆப்பிரிக்காவில் புருஜிபெர்டாவிற்கென வைத்த பொறிகளில் லோரேயி என்னும் வேறோர் அந்துவும் வீழ்வதுண்டு. அதனை ஆராயாது எண்ணுவோன் இல்லாத பகைக்கு அஞ்சி வீண்செலவு செய்வான். புழுக்களைக் கொல்லும் வைரஸ் மருந்தும் இத்தன்மையதே. ஓரினத்திற்கு ஆனது மற்றதற்குப் பயன்படுதல் அரிது. பெயர் பிழைத்தால் கைம்முதலும் பிழைக்கும்.

மரபணுச் சோதனை வந்தபின் இப்பழைய முறை எதற்கு என்பது மற்றோர் ஆட்சேபம். அச்சோதனையின் பெருமையை நாம் மறுக்கிலேம். புருஜிபெர்டாவினுள்ளேயே சோளத்தை நாடுவதும் நெல்லை நாடுவதுமாகிய இருவகையை அங்க அமைப்பால் அறிய இயலாது; மரபணுவே காட்டும். எனினும், அச்சோதனை ஒப்பிட்டுப் பார்க்கும் மூலமாதிரிக்கு முதலிற் பெயர் நிர்ணயிக்க வேண்டுவது உடலமைப்பை அறிந்தவரே. அன்றியும், சோதனைக்குப் பொருட்செலவு உண்டு. நுண்பெருக்கியோ கல்லூரிதோறும் உண்டு. ஜீவகாருண்யம் கருதித் தயங்குவோர்க்கும் கூறுவோம்: விளக்குப்பொறியில் மடிந்து கிடப்பனவே நம் ஆராய்ச்சிக்குப் போதும், இதன்பொருட்டு ஓருயிரையும் புதிதாகக் கொல்ல வேண்டுவதில்லை.

ஆதலின் நாம் வேண்டுவது இதுவே. கொங்குநாட்டுக் கல்லூரிகளின் விலங்கியற் பகுதி ஒவ்வொன்றும், ஆண்டு முழுதும் சேர்த்த அந்துக்களையும் அவற்றின் உறுப்புத் தகடுகளையும், ஊர், தேதி, பயிர் இவை குறித்த சீட்டுடன் காத்து வைப்பதாக. கிணத்துக்கடவிலிருந்து ஒரு விவசாயி ஒரு பூச்சியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தால், சில நாட்களுள் பிழையற்ற பெயரை அவர் கையில் கொடுப்பதாக. அழகிய வண்ணத்துப்பூச்சிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வரிசைப்படுத்தி விருந்தினர்க்குக் காட்டுவதினும் இஃது ஆயிரமடங்கு மேலான தொண்டாகும்.

பயிரை அழிக்கும் ஜந்துக்களை ஒரே பெயரால் அழையாது, நான்கு பெயர்களால் வேறுபிரித்துக் கூறினர் யோவேல் தீர்க்கதரிசி. வயலை இழந்த ஜனங்களுக்கு அவ்வேறுபாடு அற்பமாயிருந்திராது. நமக்கும் அது அற்பமாகாதிருப்பதாக.