‘முடியாது’ என்பதும் வீரமே!

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி கடந்து சென்றால், பாதை கிளாவரையில் முடிகிறது. வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்கள், அப்பால் பள்ளத்தாக்கு. திடுமென மூட்டம் எழும். மலை மறையும், வழியும் மறையும். பேருந்து ஓட்டுநர் என்ன செய்கிறார்? வண்டியை ஓரங்கட்டுகிறார், மூட்டம் விலகக் காத்திருக்கிறார். ‘கோழை!’ என்று ஏசுவார் உண்டா? இல்லை. பேருந்தில் ஏறும் ஏழைக்கு இருக்கும் அந்தத் தெளிவு, ஹெலிகாப்டரில் ஏறும் பெருமக்களுக்கு இருக்கிறதா?

மலையும் மூட்டமும் நீலகிரியிலும் உண்டு. 2021 டிசம்பர் 8 அன்று, குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் வீழ்ந்து, 14 உயிர்கள் பறிபோயின. எந்திரக் கோளாறன்று, சதியுமன்று. எதிர்பாராது சூழ்ந்த மேகத்தில் விமானி திசையுணர்வு இழந்ததே காரணம் என்றது விசாரணை.

படை விமானிக்கே அந்நிலை! வாடகைக்கு அமர்த்தும் தனியார் ஹெலிகாப்டர் மட்டும் இதற்கு விலக்கா? 2020 ஜனவரி 26 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் சென்ற ஹெலிகாப்டர் குன்றில் மோதிற்று; ஒன்பதின்மர் மாண்டனர். விமானி கற்றுக்குட்டியா? 8,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர்! மேகத்துள் சிக்கியவர், ‘மேலேறுகிறேன்’ என்று தரைக்கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அறிவித்தார். அந்தோ! ஹெலிகாப்டரோ கீழிறங்கிக்கொண்டிருந்தது.

விந்தையல்ல இது. கண்ணுக்கு அடிவானம் மறைந்தால், உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவி நம்மை ஏய்க்கிறது. சாய்வை நேர் என்கிறது. இறக்கத்தை ஏற்றம் என்கிறது. அவ்வேளை உணர்வை ஒதுக்கி, எதிரே உள்ள கருவிகளை நம்பவேண்டும். அது படித்து வருவதன்று, பழகி வருவது. பாவனைப் பயிற்சிக் கூண்டில் ஆண்டுதோறும், அலுக்க அலுக்கப் பழக்கவேண்டும். அதனினும் அரிய பயிற்சி ஒன்றுண்டு: மூட்டம் கண்டதும் திரும்பிவிடும் துணிவு!

பிரையன்டின் விமானியை எவரும் நெருக்கியதற்குச் சான்றில்லை. கொண்டுசேர்த்தாக வேண்டும் என்று தம்மைத் தாமே நெருக்கிக்கொண்டார் போலும் என்றனர் புலனாய்வாளர். நெருக்காதபோதே அப்படி! நாம் நெருக்கினால்? நாடகக்காரன் நான், காட்சியொன்று காட்டுகிறேன்.

“வானிலை சரியில்லை ஐயா” என்கிறார் விமானி.

“ஐம்பதாயிரம் பேர் காத்திருக்கிறார்கள்!” என்கிறார் மாவட்டச் செயலாளர்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். விமானி வாய்மூடுகிறார். திரை விழுகிறது, அதன்பின் எழுவதில்லை!

கற்பனைதான். ஆனால் அரசியலார் வானில் மாள்வது கற்பனையன்று. 2002 மார்ச் 3 அன்று, மக்களவைத் தலைவர் பாலயோகி சென்ற தனியார் ஹெலிகாப்டர் ஆந்திரத்துக் கைகலூர் அருகே வீழ்ந்தது. அவரும் விமானியும் மெய்க்காவலரும் மாண்டனர். எக்கட்சியாயினும் இழப்பு இழப்பே.

ஆகவே கேட்கிறேன்: வாடகை பேசும்போது, இருக்கை எத்தனை, கட்டணம் என்ன என்று வினவும் நாம், விமானி மேகத்தில் பறக்கப் பழகியவரா என்று வினவுகிறோமா? இனி வினவுவோம். புறப்படுவதா, திரும்புவதா என்பதில் விமானியின் சொல்லே முடிவு என்று கட்சி விதி செய்வோம். கூட்டம் கலைந்தால் மறுநாள் கூட்டலாம். கலைந்த உயிரைக் கூட்ட எந்த மேடையாலும் இயலாது.

தலைவர் வரத் தாமதமா? காத்திருங்கள், தோழர்களே! கிளாவரைப் பேருந்தில் அமர்ந்திருக்கும் உழவர் காத்திருப்பதைப்போல!