இளைப்பாறும் தலைமுறையும் வெறுமையான வாரநாட்களும்

1983 யூலைக் கலவரத்தின் பின் தாயகத்தை விட்டு வெளியேறியபோது 25 வயதாக இருந்த ஒருவருக்கு 2025 இல் 67 வயது. அமெரிக்காவில் 1960 இலும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வூதியம் பெறும் வயதும் 67 தான். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழர்கள் கனடாவில் கால்வைத்து 2026 ஆகஸ்டுடன் 40 ஆண்டுகள் நிறைவுறுகின்றன. அந்நாட்டின் முதியோர் ஓய்வூதியத்தை முழுமையாகப் பெறுவதற்கும் 18 வயதின் பின்னர் 40 ஆண்டுகால வதிவு வேண்டும். அகதிகளாக வந்த தலைமுறை இன்று ஓய்வூதியர்களாகிக் கொண்டிருக்கிறது. இந்த மாற்றத்துக்கு எமது சமூகம் ஆயத்தமாக இருக்கிறதா என்பதே கேள்வி.

இளைப்பாறுதல் என்பது எமக்குப் புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவின் ரயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தவர் பலர், பென்சனுடன் ஊர் திரும்பினார்கள். 'மலாயன் பென்சனியர்' என்ற பெயருக்கே ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. கோயில் பரிபாலனம், பாடசாலைக் கட்டட நிதி, வாசிகசாலைப் பத்திரிகை, தோட்டத்து வாழை என்று அவர்களுடைய நாளை நிரப்ப ஊர் காத்திருந்தது. ஓய்வூதியம் வெளிநாட்டுக் காசு, ஓய்வு நேரமோ சொந்த ஊரின் நேரம். எமது தலைமுறைக்கு இந்த இரண்டாவது பாதி கிடைக்கவில்லை. பிள்ளைகள் இங்கே, காணி அங்கே. மெடிக்கெயார் மருத்துவக் காப்புறுதி பொதுவாக அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது என்பதால், ஊரில் ஆறு மாதம் இங்கே ஆறு மாதம் என்ற கணக்கும் நோய் வந்தவுடன் பிழைத்துவிடுகிறது.

மத்திய நியூ ஜேர்சியின் மான்மவுத் ஜங்ஷனை எடுத்துக்கொள்வோம். ரயில் பாதைகள் சந்தித்ததால் பெயர் பெற்ற இடம். இன்று அங்கே பயணிகள் ரயில் நிற்பதில்லை. பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கோ நியூ பிரன்ஸ்விக்குக்கோ போகவேண்டும், அதற்குக் கார் வேண்டும். அது அடங்கிய சவுத் பிரன்ஸ்விக் நகராட்சியின் சனத்தொகை 2020 குடிசன மதிப்பீட்டில் 47,000 ஐத் தாண்டியது. தமிழ்க் குடும்பங்கள் உட்படத் தெற்காசியர் நிறைந்த பகுதி. நல்ல பாடசாலைகளைத் தேடி வந்தவர்கள் உருவாக்கிய குடியிருப்புகள் அவை. வேலைக்குப் போகிறவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் பொருத்தமான ஊர், கார் ஓட்டாத 70 வயதுக்காரருக்குக் காலை ஒன்பது மணிக்குப் பின் அமைதியான ஒரு வீடாகச் சுருங்கிவிடுகிறது.

அந்த வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. இங்கே முழுக்காலமும் உழைத்து இளைப்பாறியவர் ஒரு வகை. பிள்ளைகளின் அழைப்பில் முதுமையில் வந்துசேர்ந்த பெற்றோர் இன்னொரு வகை. மூன்றாவது, சம்பளமில்லாமல் வீட்டுக்காக உழைத்த பெண்கள். சமையலுக்கும் பேரப்பிள்ளைப் பராமரிப்புக்கும் 67 என்ற எல்லை கிடையாது என்பதால் இவர்கள் இளைப்பாறுவதே இல்லை.

சட்டமும் இவர்களை வேறுவேறாகவே பார்க்கிறது. சோசல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு 40 புள்ளிகள் வேண்டும். ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு என்பதால் அது குறைந்தது பத்து ஆண்டு உழைப்பு. பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் வரியில்லாமல் கையில் காசாக வாங்கிய ஆண்டுகள் இந்தக் கணக்கில் வராது. வீட்டிலிருந்த மனைவிக்கு, உரிய வயதில், கணவனின் ஓய்வூதியத்தில் பாதிவரை கிடைக்கலாம். வேலைப் பதிவு எதுவுமில்லாமல் வந்த பெற்றோர் நிரந்தர வதிவாளராக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த பின், 65 வயதுக்கு மேல் மெடிக்கெயாரைப் பணம் கட்டி வாங்கலாம். 2025 இல் அதன் மருத்துவமனைப் பகுதிக்கு மட்டும் மாதம் 518 டொலர் வரை, மருத்துவர் பகுதிக்கு 185 டொலர். நீண்டகால முதியோர் பராமரிப்பு இல்லத்தின் செலவை மெடிக்கெயார் ஏற்பதில்லை. இவற்றை 50 வயதில் அறிந்தால் திட்டமிடலாம். 66 இல் அறிந்தால் கவலைப்படத்தான் முடியும்.

பணத்தை ஒருவாறு சமாளித்தாலும் நேரம் எஞ்சி நிற்கிறது. ஓய்வுகாலத்தை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபேட் அட்ச்லி, தொடக்கத்தில் ஒரு தேனிலவுக் காலமும், பின்னர் ஏமாற்றமும், அதன் பின் வாழ்வை மறுபடி ஒழுங்குபடுத்தும் கட்டமும் வருவதாக 1970களிலேயே விளக்கினார். எம்மவர் பலருக்குப் பேரப்பிள்ளை பராமரிப்பு அந்த ஏமாற்றத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுகிறது. ஆனால் பிள்ளை ஐந்து வயதில் பாடசாலைக்குப் போய்விடும். தாத்தா பாட்டி வேலைக்கும் இளைப்பாறும் வயது உண்டு என்பதை நாம் யோசிப்பதில்லை. தனிமையும் தொடர்பின்மையும் உயிருக்கு விளைவிக்கும் ஆபத்தை ஒரு நாளைக்கு 15 சிகரெட் புகைப்பதுடன் ஒப்பிட்டு, அமெரிக்கத் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி 2023 இல் எச்சரித்தார். 'ரீவி இருக்கு, போன் இருக்கு, என்ன குறை?' என்று கேட்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும்.

இங்கே எமது அமைப்புகளின் பங்கும் உண்டு. தமிழ்ப் பள்ளி, சங்க விழா, நினைவேந்தல், கோயில் திருவிழா எல்லாம் பெரும்பாலும் சனி ஞாயிறில் நடக்கின்றன. உழைப்பவர்களின் வசதிக்கு அமைந்த நாட்காட்டி அது. முதியவருக்கோ திங்கள் முதல் வெள்ளி வரைதான் பாரம். கட்டடம் கட்டவோ பெருநிதி திரட்டவோ தேவையில்லை. மான்மவுத் ஜங்ஷனில் நகராட்சி வளாகத்திலேயே முதியோர் நிலையம் இருக்கிறது, அருகில் பொது நூலகமும் இருக்கிறது. 1965 இன் முதிய அமெரிக்கர் சட்டத்தின் கீழ் 60 வயதைத் தாண்டியோருக்குக் கூட்டு உணவுத் திட்டங்கள் நாடெங்கும் உண்டு. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இளைப்பாறிய மாநிலவாசிகள் இடமிருந்தால் கட்டணமின்றி வகுப்பில் அமர்ந்து கேட்கலாம். இல்லாதது கூட்டிச் செல்ல ஒரு கார், முதல் நாள் கூடவே இருக்க ஒரு தமிழ்க் குரல். இளைப்பாறியவர்களிலேயே கார் ஓட்டத் தெரிந்த நால்வர் முறைவைத்துக்கொண்டால் வாரத்தில் இரண்டு காலைகள் நிரம்பிவிடும்.

இதில் குடும்ப நலனைத் தாண்டிய ஒன்றும் இருக்கிறது. 1981 இல் யாழ் நூலகம் எரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள், 1970களின் தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாய்ப்பை இழந்தவர்கள், 1983 இல் கப்பலேறி யாழ்ப்பாணம் போனவர்கள் இன்று இந்த வீடுகளில்தான் பகலில் தனித்து இருக்கிறார்கள். அவர்களிடம் நேரம் இருக்கிறது, நினைவும் இன்னும் தெளிவாக இருக்கிறது. தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு முதியவரிடம் வாரம் ஒரு மணிநேரம் கேட்டு ஒலிப்பதிவு செய்தால், மாணவருக்கு மொழியும் முதியவருக்கு எதிர்பார்க்க ஒரு நாளும் சமூகத்துக்கு ஓர் ஆவணமும் கிடைக்கும். பத்து ஆண்டுகள் கழித்து இதைத் தொடங்க நினைத்தால் கேட்க நாம் இருப்போம், சொல்ல அவர்களில் பலர் இருக்கமாட்டார்கள்.