பூச்சியைப் பூச்சியே தின்னட்டும்

உல்லாஸ்நகரில் நம்மவர் பலர் வாசலில் தகர டப்பாவிலும் உடைந்த பக்கெட்டிலும் கறிவேப்பிலை, மிளகாய் வளர்க்கிறார்கள். இலையில் மாவுப்பூச்சியோ அசுவினியோ கண்டதும், மூட்டைப்பூச்சிக்கு வாங்கிய மருந்தையே எடுத்து அடித்துவிடுகிறார்கள். அதே இலை மறுநாள் பிள்ளைகளின் ரசத்தில் மிதக்கிறது. இது சரிதானா?

நம் ஊரில் நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. மெக்சிகோ நாட்டுப் பூச்சி; இங்கே அதற்குச் சரியான எதிரி இல்லை. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் பாழாயின. மெழுகுப் பூச்சு அதன் உடலை மூடியிருந்ததால் மருந்தும் சரியாக எடுபடவில்லை. 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து பெங்களூருக்குச் சின்னஞ்சிறு குளவிகள் வரவழைக்கப்பட்டன. அவற்றைப் பெருக்கித் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டது; அதன் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்த்தது. தொல்லை அடங்கியது.

நம் டப்பாச் செடிக்கு வெளிநாட்டுக் குளவி வேண்டாம். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு போதும். ஆனால் அதன் புழு கறுப்பாய், முள்ளாய் அருவருப்பாக இருப்பதால் எதிரி என்று நசுக்கிவிடுகிறோம். மருந்தடித்தாலோ பொறிவண்டும் சாகிறது. அசுவினி மட்டும் மீண்டும் பெருகுகிறது.

தண்ணீரைப் பீச்சி இலையைக் கழுவலாம். நாலு நாள் பொறுக்கலாம். வீட்டுக் காவற்காரனை நாமே கொல்ல வேண்டாம்.